பேத்தமங்களா என்று எழுதினேன்

எங்கள் கிளினிக் வாசலில் 'தோல் நோய் சிகிச்சை' என்றுதான் பலகை தொங்கியது. பால்வினை நோய் என்று எழுதியிருந்தால் கோலார் தங்கவயலில் ஒரு ஈ காக்கை உள்ளே வந்திருக்காது. பலகையை நம்பி நிஜமாகவே படையோடும் சொறியோடும் வந்தவர்களும் உண்டு. அவர்களையும் திருப்பி அனுப்பாமல் டாக்டர் ஒரு களிம்பை எழுதிக் கொடுப்பார். மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சொறிக்காரர்களைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் நடத்திய கிளினிக் அது. நான் அங்கே கவுன்சிலர். ஓட்டுக் கேட்டு ஜெயிக்கிற கவுன்சிலர் இல்லை. வருகிறவரை உட்காரவைத்து, என்ன தொந்தரவு, யாரோடு பழக்கம், வீட்டுக்காரிக்கும் இருக்கிறதா என்று கேட்டுப் பதிவேட்டில் எழுதுகிறவள். டாக்டர் வாரத்தில் மூன்று நாள் வருவார். ரத்தம் எடுக்க ஒரு லேப் டெக்னீஷியன், கன்னடக்காரர், என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். ஊசி போட ஒரு நர்ஸ். ஊருக்குள் அலைய ஒரு களப்பணியாளர். இவ்வளவுதான் எங்கள் கூட்டம்.

கேட்கத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் ஒரு கேள்வியை நான் கேட்காமல் விட்டேன். அதுவும் ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. வருஷக்கணக்காக விட்டேன், அதைக் கருணை என்று நினைத்துக்கொண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் சேர்ந்த புதிதில் வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெங்களூருக்கு ரயிலேறி வேலைக்குப் போகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், கட்டட வேலைக்குப் போய் மாசத்துக்கொரு முறை வீடு திரும்புகிறவர்கள். சீழ் வடிகிறது, எரிகிறது என்று வருவார்கள். நோயின் பேரை யாரும் சொல்லமாட்டார்கள். "சூடு" என்பார்கள். "உடம்பு ரொம்ப சூடாயிடுச்சு மேடம், இளநி குடிச்சும் அடங்கல" என்பார்கள். இன்னும் சிலர் நண்பனுக்காக வந்திருப்பதாகச் சொல்லி, நண்பனுக்கு எங்கே எரிகிறது என்பதை அத்தனை நுணுக்கமாக விவரிப்பார்கள். நான் சிரிக்காமல் எழுதிக்கொள்ளப் பழகினேன்.

சில வருஷத்தில் அந்தக் கூட்டம் குறைந்தது. மாதக் கடைசியில் நான் போடும் வரைபடத்தில் அந்தக் கோடு சரிந்துகொண்டே போனது. நான் பேசிப் பேசித்தான் ஊர் திருந்தியது என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை. மண்ணாங்கட்டி. பஜாரில் மெடிக்கல் ஷாப்காரர்களே மூன்று மாத்திரையைத் தாளில் மடித்துக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நோய் குறையவில்லை, எங்களிடம் வருவதுதான் குறைந்தது.

அப்புறம் வேறொரு கோடு மேலே ஏற ஆரம்பித்தது. சிபிலிஸ். முந்தைய தலைமுறை மேகநோய் என்று சொன்னது. ஒழிந்துபோனது என்று நான் படித்த பயிற்சிப் புத்தகமே ஏறக்குறையச் சொல்லியிருந்தது. இப்போது காலேஜ் முடித்த பிள்ளைகளிடம் வந்தது. போனிலேயே ஆளைப் பார்த்துப் பழகி, பேர்கூடச் சரியாகத் தெரியாமல் பிரிந்துவிடுகிறவர்களிடம் வந்தது. அவர்களில் யாரையும் வாழ்நாளில் பார்த்திராத, கல்யாணமாகி வீட்டோடு இருக்கும் பெண்களிடமும் வந்தது. அந்தப் பெண்களுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. ஒரு சின்னப் புண் வரும், வலிக்காது, தானாக ஆறிவிடும். நோய் மட்டும் ரத்தத்தில் இருக்கும். டாக்டர் ஒரு நாள் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, வலிக்கிற நோய்க்கு ஆள் நம்மைத் தேடி வரும், இந்த நோய்க்கு நாம்தான் ஆளைத் தேடிப் போகவேண்டும் என்றார். நான் தலையை ஆட்டினேன். தேடிப் போக வேண்டுமானால் வீடு தெரிய வேண்டும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

விலாசம் என்று ஒரு கட்டம் பதிவேட்டில் இருக்கிறது. அந்தக் கட்டத்தைக் கெடுத்தது நான்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. நான் சேர்ந்த முதல் வருஷம், சிகிச்சைக்கு வந்த ஒரு பெண் மறுபடி வரவில்லை என்று களப்பணியாளரை வீட்டுக்கு அனுப்பினோம். சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய மைனிங் லைன் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரே கூரை, ஒரே சுவர், ஒரு கதவைத் தட்டினால் பத்துக் கதவு திறக்கும். எங்கள் ஆள் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, பேரைச் சொல்லி, வாசலில் நின்று விசாரித்திருக்கிறார். அந்தப் பெண் மறுவாரம் வந்தாள். நாங்கள் கொடுத்த மாத்திரை டப்பாவை என் மேஜைமேல் வைத்தாள். போய்விட்டாள். புருஷன் வீட்டிலிருந்தே போய்விட்டாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதற்கப்புறம் விலாசம் கேட்கும்போது வருகிறவர் முகத்தில் கலவரம் தெரிந்தால், நானே சொல்லிவிடுவேன்: நிஜ விலாசம் வேண்டாம், ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள், கட்டம் நிரம்பினால் போதும். அவர்கள் யோசித்து யோசித்து, கடைசியில் ஏறக்குறைய எல்லோருமே ஒரே ஊரைச் சொன்னார்கள். பேத்தமங்களா. உரிகாம், மாரிகுப்பம், மைசூர் மைன்ஸ் எல்லாம் தங்கவயலுக்குள்ளேயே இருக்கும் சுரங்கப் பகுதிகள்; உரிகாம் என்றால் உரிகாமில் யாருக்காவது தெரிந்துவிடும், மாரிகுப்பம் என்றால் அங்கே சித்தி வீடு இருக்கும். பேத்தமங்களா மைன்ஸுக்கு வெளியே, ஏரிப் பக்கம், விவசாயிகள் ஊர். அந்த ஏரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்ததுதான் எங்கள் தங்கவயல். அதன் பேரையும் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டது. நாளடைவில் நான் கேட்பதையே விட்டேன். ஆள் வந்து உட்கார்ந்ததும் பேத்தமங்களா என்று எழுதிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பேன். லேப் டெக்னீஷியன் பதிவேட்டை எட்டிப் பார்த்து, மேடம், பேத்தமங்களாவில் இனி மனுஷன் குடியிருக்க முடியாது போலிருக்கே என்று கிண்டல் செய்வார். இரண்டு பேரும் சிரிப்போம்.

நான் சொல்ல வந்த இன்னொரு பெண் கிளினிக்குக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. இருபத்துநாலு, இருபத்தைந்து வயது இருக்கும். எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னிய தலை, கையில் மடித்த துணிப்பை. அரிப்பும் வெள்ளைப்படுதலும் என்று வந்தாள். பேச்சோடு பேச்சாக, மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறேன் என்றாள். போன வருஷம் ஒன்று தங்கி, சீக்கிரமே கலைந்துவிட்டதாம். அதனால் இந்த முறை ஐந்து மாதம் ஆகும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று மாமியார் கட்டளை. அங்கன்வாடியில் பதியவில்லை, வீடு வீடாக வரும் சுகாதார ஊழியரான ஆஷா அக்காவிடம் சொல்லவில்லை, கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் தாய் கார்டு வாங்கவில்லை. எங்களிடம் வந்ததே, பலகையில் தோல் நோய் என்று போட்டிருந்ததால்தான்.

டாக்டர் பார்த்துவிட்டு, கர்ப்பிணிக்கு ஆகாத மருந்துகளை ஒதுக்கிவைத்து, அரிப்புக்கு மட்டும் ஒரு களிம்பு கொடுத்தார். ரத்தப் பரிசோதனை கட்டாயம் என்றார். ஊசியென்றாலே அவளுக்குக் கிலி. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டுதான் ரத்தம் கொடுத்தாள். அன்றைக்குப் பார்த்து கரண்ட் இல்லை. மதியம்வரை வரவில்லை. மெஷின் சுற்றினால்தான் முடிவு தெரியும். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, வீட்டில் வேலை இருக்கிறது, திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

போகும் முன் அவளை என் எதிரில் உட்காரவைத்துப் பதிவேட்டை முடித்தேன். போன் நம்பர் கேட்டேன். அவள் போன் உடைந்துவிட்டதாம். வீட்டிலிருக்கும் ஒரே போனை மாமியார் பெங்களூரு கார்மென்ட்ஸுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த நம்பர் வேண்டாம் என்றாள். பிறகு தானாகவே சொல்ல ஆரம்பித்தாள்.

"வீடு மைசூர் மைன்ஸ்லக்கா. பகல்ல நான் மட்டும்தான் இருப்பேன். லைன் நம்பர்..."

நான் கையை உயர்த்தி நிறுத்தினேன். போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி.

"நிஜம் வேணாம்மா. பேத்தமங்களான்னு போட்டுக்கிறேன். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அவள் புரியாமல் பார்த்தாள். அப்புறம் சிரித்து, "சரிக்கா" என்றாள். அவள் பேரையும் கேட்காமலே வேறொன்றாக எழுதியிருந்தேன். ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு அன்றைக்கு டிபன் பாக்ஸைத் திறந்தேன். அதை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

சனிக்கிழமை லேப் டெக்னீஷியன் அறிக்கைத் தாளோடு வந்து என் மேஜை ஓரம் நின்றார். சிரிக்கவில்லை. சிபிலிஸ் இருந்தது, லேசாக இல்லை, நன்றாகவே இருந்தது. டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னோம். உடனே வரச் சொல்லுங்கள், ஊசி போட்டுவிட்டால் குழந்தைக்கும் சேர்த்தே சரியாகிவிடும், விட்டுவிட்டால் குழந்தை தங்குவது கஷ்டம் என்றார். திங்கட்கிழமை வருவாளே என்றேன்.

திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாயும் புதனும் வரவில்லை. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் நிமிர்ந்து பார்த்தேன். டாக்டர் விலாசம் கேட்டார். நான் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். பேத்தமங்களாவா, களப்பணியாளரை அனுப்புங்கள் என்றார் அவர். அது பொய் விலாசம் சார், நான்தான் எழுதினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சரி சார் என்றேன்.

களப்பணியாளரை அனுப்பவில்லை. நானே மைசூர் மைன்ஸுக்குப் போனேன். கண் பரிசோதனை முகாம் என்று அச்சடித்த பழைய நோட்டீஸ் கட்டு ஒன்று அலுவலகத்தில் கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு லைன் லைனாக நடந்தேன். வாசலில் நிற்கும் ஒவ்வொரு இளம்பெண்ணின் முகத்தையும் உற்றுப் பார்த்தேன். யாரிடமும் எதையும் கேட்க முடியாது. மூன்று மாத கர்ப்பிணி என்று கேட்டால் அவள் வீட்டு ரகசியம் போகும். தோல் நோய்க்கு வந்தவள் என்று கேட்டால் அவளே போய்விடுவாள். ஓர் ஆஷா ஊழியரைப் பிடித்து, சத்துமாவு கொடுக்க வேண்டும் என்று புளுகி, கர்ப்பிணிகள் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். பதியாதவள் பேர் அதில் எப்படி இருக்கும்? அப்படியே இருந்தாலும் அவள் உண்மைப் பேர் எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வீட்டில் என்னை உட்காரவைத்து, முகாம் என்றைக்கு, என்னைக் கூட்டிக்கொண்டு போவீர்களா என்று ஒரு பென்ஷன்காரர் ஆசையாகக் கேட்டார். நோட்டீஸில் இருந்த தேதி எப்போதோ போய்விட்டது என்று அவரிடம் சொல்லாமல் எழுந்து வந்தேன்.

மூன்று வாரம் போனேன். அதற்கப்புறம் விட்டுவிட்டேன். இதுதான் எல்லாவற்றையும்விட என்னை அரிக்கிறது. ஐந்து மாதம் ஆனால் பதிந்துகொள்வேன் என்று அவளே சொல்லியிருந்தாள். இரண்டு மாதம் பொறுத்து மறுபடி ஆஷாவிடம் போய் நின்றிருந்தால் போதும். போகவில்லை. எங்காவது பதிந்துகொள்வாள், அங்கே ரத்தம் எடுப்பார்கள், தெரிந்துவிடும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நடுவில் வேறு வேலையும் வந்தது.

அந்த வேலை இது. எங்கள் தலைமை அலுவலகத்தில் யாரோ எங்கள் மாதாந்திர அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். சிபிலிஸ் ஏறுகிறது, அதுவும் பேத்தமங்களாவில்தான் ஏறுகிறது என்று கண்டுபிடித்தார்கள். வேன் வந்தது, பேனர் வந்தது, ஏரிக்கரைப் பக்கம் ஷாமியானா போட்டு முகாம் நடந்தது. தக்காளி பறிக்கிற நேரம். வயலிலிருந்து கை கழுவாமல் வந்த விவசாயிகள் பிரஷர் பார்த்துக்கொண்டார்கள், சுகர் பார்த்துக்கொண்டார்கள், ரத்தமும் கொடுத்தார்கள். ஒருவருக்குக்கூட நோய் இல்லை. வந்த அதிகாரி, ஜனங்கள் மறைக்கிறார்கள் என்றார். தெலுங்கு பேசுகிற ஓர் அம்மாள் பேனரைப் படித்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். எங்கள் பெண்ணை மாலூரிலிருந்து பார்க்க வருகிற நேரத்தில் எங்கள் ஊருக்கு ஏன் இந்தப் பேர், யார் சொன்னது உங்களுக்கு என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். நான் நிழலைப் பார்த்துத் தள்ளி நின்றுகொண்டேன். அந்த ஷாமியானாவில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம், இந்த வேன் மைசூர் மைன்ஸில் அல்லவா நிற்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அவள் ரத்தம் கொடுத்துவிட்டுப் போய் நாலு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். நான் முதலில் பார்த்தது அவள் வயிற்றைத்தான். தட்டையாக இருந்தது. கையில் ஒரு நர்சிங் ஹோம் சீட்டு. வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் புருஷன் நின்றிருந்தான்.

சீட்டில் எல்லாம் எழுதியிருந்தது. ஏழாம் மாதம், குழந்தை உள்ளேயே இறந்துவிட்டது. பெண் குழந்தை. பிறகு எடுத்த ரத்தத்தில் சிபிலிஸ் தெரிந்திருக்கிறது. ஊசிக்காக எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். நான் அவளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினேன். அங்கே முன்னாடியே ரத்தம் எடுக்கவில்லையா என்று கேட்டேன். கேட்கும்போதே, எங்காவது ஒரு தப்பு வேறு யாருடையதாக இருக்காதா என்று மனசு அலைந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அப்படித்தான் அலைந்தது.

"கேட்டாங்கக்கா. எட்த்தாச்சு, ஒன்னும் இல்லன்னு நான்தான் சொல்லிட்டேன்" என்றாள். "நீங்க எட்த்தீங்களே. நான் அப்புறம் வர முடியல, வெளிய போனது அத்தைக்குத் தெரிஞ்சி எங்கியும் விடல. எதுனா இருந்தா வந்து சொல்லுவீங்கன்னு நெனச்சிக்கினேன். நீங்க வரல. அதனால ஒன்னும் இல்லன்னு இருந்துட்டேன்."

பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. அன்றைக்கு முடிவு வரவில்லை, மெஷின் கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். என் நாக்கு நுனிவரை அது வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கே வந்துச்சும்மா" என்றேன். "இருந்துச்சு. உன்னைத் தேடினேன். கிடைக்கலை."

"நான் அட்ரஸ் சொன்னேனேக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு மறந்துபோயிருக்கும் என்று நினைத்து ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னாள். "லைன் நம்பர் சொல்ல வந்தேன். நீங்கதான் வேணான்னீங்க."

"ஆமா. தப்பு என்னுது" என்றேன். மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டால் அவள் பரவாயில்லைக்கா என்று சொல்லிவிடுவாள். அப்படிச் சொல்லுகிற பெண் அவள். அதைக் கேட்டுக்கொண்டு நான் எங்கே போய் உட்காருவது? அழுகை வந்தது. அவள் முன்னால் அழ எனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டேன்.

டாக்டர் வந்தார். மருந்து உடம்புக்குச் சேருகிறதா என்று முதலில் கையில் ஒரு துளி ஏற்றிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து நர்ஸ் அவளைத் திரும்பிப் படுக்கச் சொன்னாள். இந்த முறை அவள் என் கையைப் பிடிக்கவில்லை. நான் கட்டில் பக்கத்தில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன். இடுப்பில் ஊசி இறங்கியது. முகத்தைச் சுளித்தாள், அவ்வளவுதான். நர்ஸ் பஞ்சை வைத்துத் தேய்த்துவிட்டு, முடிந்தது, கொஞ்ச நேரம் படுத்திருந்து போகலாம் என்றாள்.

அவள் படுத்தபடியே நர்ஸைப் பார்த்தாள். தட்டில் கிடந்த காலி மருந்து பாட்டிலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னாக்கா, இவ்ளோதானா?"

"ஆமாம்மா. இவ்ளோதான்" என்றேன்.